ஆலோசனை கேட்கப் பழகுகிறவருக்கு எந்த வேதாகமம்? இரண்டு தமிழ்ப் பதிப்புகள் பற்றி ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் ஒரு கிறிஸ்தவ வீட்டு மேசையில் கிடக்கிற புத்தகத்தைப் பார்த்தே அந்த வீட்டார் எந்தச் சபை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மட்டையில் 'பரிசுத்த வேதாகமம்' என்றிருந்தால் மெதடிஸ்த, ஆங்கிலிக்கன், தென்னிந்தியத் திருச்சபை அல்லது சுயாதீன சபை ஒன்றின் வீடு. 'திருவிவிலியம்' என்றிருந்தால் கத்தோலிக்க வீடு. ஒரு வீட்டில் இரண்டும் இருப்பது குறைவு. தாழ்மையைக் கற்கவும், நல்ல புத்தி சொன்னால் கேட்கவும் பழக நினைக்கிறவருக்கு இந்த இரண்டில் எது உதவும், எது எந்த இடத்தில் கைவிடும் என்று மட்டும் இங்கே பார்க்கிறோம். எது சிறந்த மொழிபெயர்ப்பு என்பது வேறு வழக்கு. அதற்குள் போகவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வேதாகமத்திலுள்ள நீதிமொழிகள் புத்தகத்தை வாய்விட்டு வாசித்து மனப்பாடம் செய்ய, 'பரிசுத்த வேதாகமம்' என்ற பழைய மொழிபெயர்ப்பு. வாசித்தது விளங்கவும், யாரிடம் ஆலோசனை கேட்கலாம், யாரிடம் கேட்கக்கூடாது என்று அறியவும் திருவிவிலியம். ஒன்றுதான் வாங்கலாம் என்றால், முப்பது வயதுக்குக் கீழே உள்ளவருக்குத் திருவிவிலியத்தைக் கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் வாசித்துக் கேட்டு வளர்ந்தவருக்குப் பழையதைக் கொடுங்கள்.

பழைய மொழிபெயர்ப்பு என்று நாங்கள் சொல்வது ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் முழுமையாக வெளிவந்ததை. அதற்கு முன்னோடியாக நின்ற ஒரு மொழிபெயர்ப்பு எங்கள் ஊரில் பிறந்தது. வெஸ்லியன் மிஷன் பீற்றர் பேர்சிவல் பாதிரியார் நல்லூர் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த அந்த வேலை 1850இல் சென்னையில் அச்சாயிற்று. 1822இல் பிறந்த நாவலருக்கு அந்த வேலை நடந்த காலத்தில் இருபதை ஒட்டிய வயது. அவர் சைவர், அந்தச் சமயத்திலேயே கடைசிவரை உறுதியாக நின்றவர். பாதிரியாரோ மிஷன் பள்ளிக்கூடத்தின் தலைவர், வயதிலும் மூத்தவர். அப்படியிருந்தும் தன் வேதப் புத்தகத்தின் தமிழுக்கு அந்த இளைஞரிடம் கைநீட்டினார். ஆலோசனை கேட்பதைப் பற்றிப் பேசுகிற ஒரு புத்தகம் நம் ஊருக்கு வந்து சேர்ந்த வழியே அப்படித்தான் என்பது மறக்கக்கூடிய விஷயம் இல்லை. அந்த 1850ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு இன்று கடையில் கிடைக்காது.

திருவிவிலியம் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்தது. திண்டிவனத்திலுள்ள தமிழ்நாடு விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாடு நடுநிலையம் வெளியிட்ட கத்தோலிக்கப் பதிப்புத்தான் இங்கே பங்குகளில் அதிகம் புழங்குகிறது.

முதலில் பழையதை எடுத்துக்கொள்வோம். அதன் பலம் ஓசை. நீதிமொழிகள் 16:18ஐ ஒருதரம் சத்தமாக வாசியுங்கள்: "அழிவுக்கு முன்னானது அகந்தை, விழுதலுக்கு முன்னானது மனமேட்டிமை." ஒருமுறை காதில் விழுந்தால் போகாது. கோபத்தில் பதில் சொல்ல வாய் திறக்கிற நேரத்தில் கைக்கு வருகிறது புத்தகம் இல்லை, மனதில் கிடக்கிற ஓசைதான். மனப்பாடம் செய்ய இதைவிட நல்ல தமிழ் உரை இல்லை என்பது எங்கள் எண்ணம்.

யாழ்ப்பாணத்தாருக்கென்றே இந்த மொழிபெயர்ப்பில் ஒளிந்திருக்கிற ஒரு சொல்லைக் காட்ட வேண்டும். 27:17: "இரும்பை இரும்பு கருக்கிடும், அப்படியே மனுஷனும் தன் சிநேகிதனுடைய முகத்தைக் கருக்கிடுகிறான்." இளையவர்கள் இதை வாசித்துவிட்டு, இரும்பு இரும்பைக் கருக்குகிறது, அதாவது எரித்துக் கறுப்பாக்குகிறது என்று விளங்கிக்கொள்கிறார்கள். நண்பன் நண்பனின் முகத்தைக் கரியாக்குவானா என்று குழம்புகிறார்கள். பனைமட்டையை நினைத்துப் பாருங்கள். மட்டையின் இரண்டு ஓரத்திலும் வாள்பல்லுப் போல நிற்கிறதே, அதுதான் கருக்கு. வெறுங்கையால் இழுத்தால் உள்ளங்கை கிழியும். கருக்கிடுதல் என்றால் அப்படி ஒரு பல்லும் கூரும் உண்டாக்குதல். மழுங்கின அரிவாளுக்குத் திரும்பக் கருக்கு வைப்பது போல, ஒரு சிநேகிதன் மற்றவனைக் கூராக்குகிறான். இரும்பும் இரும்பும் உரசும்போது சத்தம் வரும், பொறி பறக்கும், இரண்டிலும் கொஞ்சம் தேயும். புத்தி சொல்கிறவனும் கேட்கிறவனும் தேயாமல் இந்த வேலை நடக்காது. திருவிவிலியம் இதே வசனத்தில் கூர்மை என்ற சொல்லை வைத்து, ஒருவர் மற்றவரின் அறிவைக் கூராக்குவதாகச் சொல்கிறது. உடனே விளங்கிவிடும். ஆனால் கை கிழிகிற அந்தக் கருக்கு போய்விடுகிறது.

இன்னொன்று 25:12. கேட்கிற செவிக்கு ஞானமாய்க் கடிந்துகொண்டு புத்தி சொல்கிறவன் பொற்கடுக்கனுக்குச் சரி என்கிறது பழைய மொழிபெயர்ப்பு. கடுக்கன் காதில் போடுவது. கண்டிப்பும் காதுக்குள் போவது. முந்தின தலைமுறையில் கடுக்கன் போட்ட ஆண்கள் இங்கே இருந்தார்கள். சட்டைப்பைக்குள் வைத்திருந்தால் அது கடுக்கன் இல்லை, வெறும் பொன். துளையுள்ள காதில்தான் அது நகையாகும். காதில் துளை விழும்போது யாருக்கும் வலிக்கும். இந்த வசனம் ஓய்வுநாட் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மிக வசதியானது. படம் அவர்கள் கண்முன்னே நிற்கிறது.

இனிக் குறைகள். பழைய மொழிபெயர்ப்பில் சில சொற்கள் இன்று வேறு பொருளில் ஓடுகின்றன. அவற்றை யாரும் எச்சரிக்காமல் விடுவது ஆபத்து. 'பரியாசக்காரன்' என்றதும் பகிடி விடுகிறவன் என்று நினைத்து, சிரிக்கச் சிரிக்கக் கதைக்கிற நல்ல பெடியனைப் பார்த்து அந்த வசனத்தைச் சொல்லிவிடுகிறார்கள். நீதிமொழிகளில் பரியாசக்காரன் என்பவன், திருத்த வந்தவரையே இளக்காரம் செய்து துரத்துகிறவன். 9:8 அவனைக் கடிந்துகொள்ளவே வேண்டாம், பகைப்பான் என்கிறது. பகிடி விடுகிறவன் வேறு ஆள். 'கடிந்துகொள்' என்பதும் அப்படியே. இன்று அது ஏசுவது, உறுக்குவது என்று விழுகிறது. அங்கே அது ஒருவரின் பிழையை அவர் முகத்துக்கு நேரே, அவர் திருந்த வேண்டும் என்ற எண்ணத்தோடு எடுத்துச் சொல்வது.

எங்களை அதிகம் கவலைப்படுத்துவது 'தாழ்மை' என்ற சொல். இது இரண்டு பதிப்புகளிலும் வருகிறது. யாழ்ப்பாணத்தில் தாழ்ந்தவர், உயர்ந்தவர் என்ற பேச்சுக்குச் சாதியின் நாற்றம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாழ்மையாய் இரு என்று ஒருவரைப் பார்த்துச் சொன்னால், உன் இடம் அறிந்து அடங்கியிரு என்று காதில் விழுகிற வீடுகள் இருக்கின்றன. வேதம் சொல்வது அதுவல்ல. பிலிப்பியர் 2:3இல் வருகிற 'மனத்தாழ்மை'க்குக் கிரேக்கத்தில் உள்ள சொல், தாழ்வு என்பதையும் மனநிலை என்பதையும் சேர்த்துக் கட்டியது. தாழ்த்த வேண்டியது தன் மனதை, அடுத்தவரை இல்லை. அதே வசனம் மற்றவரைத் தன்னிலும் மேன்மையானவராக எண்ணச் சொல்கிறது. அதிகாரத்தில் இருப்பவர், தனக்குக் கீழே உள்ளவருக்குப் படிப்பிக்க இந்த வசனத்தை எடுத்தால், அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். இந்த இடத்தில் இரண்டு பதிப்பிலும் பென்சிலால் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதி வைப்பது நல்லது.

பொதுவான ஒரு குறையும் உண்டு. 1 இராஜாக்கள் 3:9இல் சாலொமோன் கடவுளிடம் கேட்டது எபிரேயத்தில் 'கேட்கிற இருதயம்'. பழைய மொழிபெயர்ப்பு இதை "ஞானமுள்ள இருதயம்" என்று போட்டுவிட்டது. பொருள் தவறு என்று சொல்ல முடியாது. ஞானம் என்பது கேட்கிற காதில் தொடங்குகிறது என்ற அந்தப் பெரிய குறிப்புத்தான் மறைந்துபோனது. கேட்கிற இருதயம் வேண்டிய அதே சாலொமோனின் மகன் ரெகொபெயாம், 12ஆம் அதிகாரத்தில், கேளாத காதால் இராச்சியத்தைப் பறிகொடுக்கிறான். அந்த இரண்டு அதிகாரங்களையும் அடுத்தடுத்து வாசிக்க வேண்டும். வாசிக்கும்போது கவனியுங்கள்: ரெகொபெயாம் ஆலோசனை கேட்காதவன் அல்ல. முதியோரிடம் கேட்டான். தன்னோடு வளர்ந்த வாலிபரிடமும் கேட்டான். மூன்று நாள் தவணையும் எடுத்தான். முறைப்படி எல்லாம் செய்தான். ஆனால் தன் மனதில் ஏற்கெனவே இருந்ததை யார் திருப்பிச் சொன்னார்களோ அவர்களின் சொல்லைப் பிடித்துக்கொண்டான். பத்துக் கோத்திரம் போயிற்று.

"ஆலோசனைக்காரர் அநேகர் இருந்தால் அவைகள் உறுதிப்படும்" என்ற நீதிமொழிகள் 15:22ஐப் பிழையாகப் பாவிக்கிற இடமும் இதுதான். வெளிநாடு போவதோ, காணி விற்பதோ, கலியாணம் பேசுவதோ, பத்துப் பேரிடம் கேட்பது. ஒன்பது பேர் வேண்டாம் என்றாலும் பத்தாவது ஆள் ஓம் என்றதும், 'நான் ஆலோசனை கேட்டுத்தான் செய்தேன்' என்று நிம்மதியடைவது. அநேகம் பேர் என்று வேதம் சொல்வது, ஓம் சொல்கிற ஒருவரைத் தேடி அலைவதற்கு இல்லை. கேட்கப் போகுமுன் ஒரு கொப்பியில் மூன்று பேரின் பெயரை எழுதுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களை மறுத்துப் பேசத் தயங்காதவராக இருக்க வேண்டும். மூன்று பேரும் சொன்னதை அன்றே எழுதுங்கள், முடிவெடுத்த பிறகு இல்லை. முடிவெடுத்த பிறகு எழுதினால், மறுத்தவர் சொன்னது அரை வரியாகச் சுருங்கிவிடும்.

இனித் திருவிவிலியம். கையில் எடுத்தவுடன் தெரிகிற வித்தியாசம், செய்யுள் வரிகளாக அச்சிட்டிருப்பது, பகுதிகளுக்குத் தலைப்பு, அடிக்குறிப்பு. நீதிமொழிகளில் முதல் ஒன்பது அதிகாரம் தகப்பன் மகனுக்குச் சொல்கிற தொடர்ந்த பேச்சு. பத்தாம் அதிகாரத்திலிருந்து பெரும்பாலும் தனித்தனி இரண்டடி மொழிகள். இந்த வித்தியாசம் திருவிவிலியத்தின் அச்சமைப்பில் கண்ணுக்கே தெரிகிறது. மொழியும் இன்றைய மொழி. 'அவன்' என்று ஆணையே பார்த்துப் பேசாமல் 'அவர்', 'அவர்கள்' என்று போகிறது. வாசிக்கிற பெண்பிள்ளை இது தனக்கும் சொன்னது என்று எடுத்துக்கொள்ள இது உதவுகிறது.

அதன் குறை 12:15இல் தெரியும். பழையது "ஆலோசனைக்குச் செவிகொடுக்கிறவனோ ஞானமுள்ளவன்" என்கிறது. புதியது 'அறிவுரை' என்ற சொல்லை எடுத்திருக்கிறது. அறிவுரை என்றால் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது. பள்ளிக்கூட ஒன்றுகூடலில் நடப்பது. ஆலோசனை என்றால் பாய் விரித்துப் பக்கத்தில் இருந்து சேர்ந்து யோசிப்பது. இளையோர் அறிவுரை என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்புகிற இந்தக் காலத்தில், ஆலோசனை என்ற சொல்லை விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

ஆனாலும் திருவிவிலியத்தின் கத்தோலிக்கப் பதிப்பை நாங்கள் மனதாரப் பரிந்துரைப்பதற்கு ஒரு காரணம் போதும்: அதில் சீராக்கின் ஞானம் இருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் 66 புத்தகங்களில் இது இல்லை. கத்தோலிக்கர் வேதத்தோடு சேர்த்து வாசிக்கிற இணைத்திருமுறை நூல்களில் ஒன்று. இதை வேதமாக ஏற்காத சபையினரும் தயங்க வேண்டியதில்லை. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளில் ஆறாவதே, இவற்றை உபதேசத்தை நிலைநாட்ட எடுக்காமல், நல்ல நடக்கைக்குப் பாடமாக வாசிக்கலாம் என்கிறது.

37ஆம் அதிகாரம், 7ஆம் வசனத்திலிருந்து 15 வரை. ஆலோசனை கேள் என்று நீதிமொழிகள் திரும்பத் திரும்பச் சொல்கிறது. யாரிடம் என்று இவ்வளவு விபரமாகச் சொல்வது இந்தப் பகுதிதான். சொந்த இலாபத்துக்காக ஆலோசனை சொல்கிறவர்கள் உண்டு, அவருக்கு இதில் என்ன தேவை என்று முதலில் கண்டுபிடி என்று தொடங்குகிறது. பிறகு ஒரு வரிசை. கோழையிடம் போரைப் பற்றிக் கேளாதே. வாங்க வந்தவனிடம் விற்பனையைப் பற்றிக் கேளாதே. இரக்கமற்றவனிடம் இரக்கத்தைப் பற்றி, சோம்பேறியிடம் எந்த வேலையைப் பற்றியும் கேளாதே. இங்கே வைத்துப் பாருங்கள்: காணி விற்கலாமா என்று தரகரிடம் கேட்பது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று அனுப்பிக் காசு எடுக்கிற முகவரிடம் கேட்பது. அவர்கள் கெட்டவர்கள் என்று இல்லை. அவர்களின் வருமானம் உங்கள் 'ஓம்' என்ற சொல்லில் இருக்கிறது. தகவல் கேளுங்கள், ஆலோசனை வேறிடத்தில் கேளுங்கள்.

அந்தப் பகுதி பிறகு கடவுளுக்குப் பயந்து நடக்கிற, நீ விழுந்தால் உன்னோடு சேர்ந்து வருந்துகிற ஒருவரிடம் போகச் சொல்கிறது. அதற்கு மேலே, உன் சொந்த உள்ளத்தின் சொல்லையும் கேள் என்கிறது. உயரமான இடத்தில் இருந்து பார்க்கிற ஏழு காவலரைவிட மனிதனின் உள்ளம் சில வேளை அதிகம் சொல்லும் என்கிறது. கடைசியில் மன்றாடு என்று முடிகிறது. இந்த ஒழுங்கு முக்கியம். தாழ்மை என்ற பெயரில் தன் மனச்சாட்சியை முழுக்க இன்னொருவரின் கையில் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். போதகர் ஐயர் சொன்னார், பங்குச் சுவாமி சொன்னார், ஊழியக்காரர் தரிசனம் கண்டார் என்று மருந்தை நிறுத்துகிறவர்கள், கடன் எடுத்துக் காணிக்கை கொடுக்கிறவர்கள். அது தாழ்மை இல்லை. ஆலோசனை சொல்கிறவரின் தேவையை முதலில் அறிந்துகொள் என்ற எச்சரிக்கைக்குப் பீடத்தில் நிற்பவர்களும் விலக்கல்ல.

6ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியும் உண்டு: ஞானி ஒருவரைக் கண்டால் விடிய எழும்பி அவரிடம் போ, உன் கால்பட்டு அவர் வாசற்படி தேயட்டும். தொலைபேசியில் இரண்டு வரிச் செய்தி அனுப்பிப் பதில் வராததால் விட்டுவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழிகாட்டல் கிடைக்காது.

இரண்டு பதிப்பையும் ஒரே செபக் கூட்டத்தில் வைத்து வாசித்தால் புத்தகப் பெயர்களிலும் ஆட்பெயர்களிலும் தடுமாற்றம் வரும். யாத்திராகமம் அங்கே விடுதலைப் பயணம். சங்கீதம், திருப்பாடல்கள். பிரசங்கி, சபை உரையாளர். 2 இராஜாக்கள், 2 அரசர்கள். நாகமான், நாமான். முதல் நாளே ஒரு தாளில் இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மட்டைக்குள் வைத்தால் கரைச்சல் இல்லை. கலப்புத் திருமணம் செய்த வீடுகளில் இது நல்ல பழக்கம்.

வாசிக்கிற முறை பற்றிச் சுருக்கமாக. நீதிமொழிகள் 31 அதிகாரம், மாதத்தின் தேதிக்கு ஒன்று என்று வாசிப்பது பலரும் அறிந்தது. பத்தாம் அதிகாரத்துக்குப் பிறகு இது தோற்றுப்போகிறது. முப்பது தனி மொழிகளை ஒரே மூச்சில் வாசித்தால் ஒன்றும் தங்காது. ஒரு நாளைக்கு ஐந்து வசனம், இரண்டு தரம் வாய்விட்டு. ஒவ்வொன்றும் கேட்கிறவருக்குச் சொன்னதா, சொல்கிறவருக்குச் சொன்னதா என்று ஓரத்தில் 'கே' அல்லது 'சொ' என்று குறியுங்கள். ஒரு மாதத்தில் 'கே' எவ்வளவு அதிகம் என்று கண்ணுக்குத் தெரியும். வாசிக்கும்போது 'இது இன்னாருக்குப் பொருத்தம்' என்று இன்னொருவரின் முகம் மனதில் வந்தால், அந்த வசனத்தை அன்றைக்கு அங்கேயே நிறுத்தித் திரும்ப வாசியுங்கள். நீதிமொழிகள் முடிந்ததும் யாத்திராகமம் 18: எத்திரோ "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று மருமகனுக்கு நேரே சொல்கிறார், மோசே மாமன் சொல் கேட்டு அப்படியே செய்கிறார். அதற்குப் பிறகு 2 இராஜாக்கள் 5: சேனாபதி நாகமானை நல்ல வழிக்குக் கொண்டுவந்தவர்கள் ஒரு சிறைப்பட்ட சிறுபெண்ணும் அவருடைய வேலைக்காரரும். புத்தி மேலேயிருந்துதான் வரும் என்று நினைக்கிறவர் இந்த அதிகாரத்தை மெதுவாக வாசிக்க வேண்டும்.

கைத்தொலைபேசிச் செயலியில் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 'கேள்' என்று தேடினால் பாதிக்கு மேல் தப்பிவிடும். தமிழ்ச் சொல் உருமாறுகிறது. 'செவிகொடு', 'செவிசாய்', 'கேட்', 'கடிந்து', 'ஆலோசனை', 'புத்தி' என்று தனித்தனியாகத் தேடுங்கள். பழைய மொழிபெயர்ப்பில், ஒத்த வசனங்களை ஓரத்தில் காட்டுகிற ஒத்தவாக்கியப் பதிப்பு வைத்திருந்தால் நடு ஓரக் குறிப்புகளே கூட்டிக்கொண்டு போகும்.

வாங்கும்போது புத்தகம் கட்டியிருக்கிற விதத்தைப் பாருங்கள். 66 புத்தகப் பதிப்பில் நீதிமொழிகள் ஏறக்குறைய நடுவில் வருகிறது. தினமும் விரிக்கிற இடம் அதுவானால், வெறும் பசையில் ஒட்டிய புத்தகம் அந்த இடத்திலேயே பிளக்கும். நடுப்பக்கத்தை விரித்து முதுகுப்பக்கம் பாருங்கள். தாள்கள் சிறு சிறு கட்டாக மடித்து நூலால் தைத்திருந்தால் நிற்கும். இழுத்துப் பூட்டுகிற சிப் வைத்த உறை அழகுதான், ஆனால் குருநகர், பாசையூர், பருத்தித்துறை போலக் கடற்காற்று வீசுகிற இடங்களில் சிப் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு இழுத்துத் திறக்கிறபோது தாளின் ஓரம் கிழியும். தாள் மிக மெல்லியது என்பதால் குமிழ்முனைப் பேனை பின்பக்கத்தில் தெரியும். மைப்பேனை ஊறிப் போகும். மென்மையான பென்சில்தான் சரி. மழைக்காலத்தில் அலுமாரிக்குள் நெருக்கி அடுக்காமல், வெளியே மேசையில் வையுங்கள். அங்கே இருந்தால்தான் கையும் போகும்.